ஆண்டவர்மேல் நான் சுமத்திய பழி

எங்கள் சபையின் ஆண்டு மலருக்கு, மருத்துவத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டும் என்று ஜோயல் கேட்டான். கெலாங் பாத்தாவில் ஒரு கிளினிக்கில் அவன் மருத்துவ உதவியாளன். மலரைத் தொகுக்கும் பொறுப்பும் இந்த ஆண்டு அவனிடம்தான்.

"அங்கிள், அந்த ஆறுமுகம் சாட்சியை எழுதுங்க லா. நான் சண்டே ஸ்கூல்ல கேட்டப்போ அழுதுட்டேன்."

அந்தச் சாட்சியை ஜொகூரில் பத்துப் பன்னிரண்டு சபைகளிலாவது சொல்லியிருப்பேன். தோட்டத்தில் ஒரு தொழிலாளி திடீரென்று இறந்துபோகிறான். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் அவன் வீட்டுக்குப் போய், இது ஆண்டவருடைய சித்தம் என்று மனைவியைத் தேற்றுகிறார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் ஆண்டவரிடம் வருகிறாள். இன்று அவளுடைய பேரன் சபையில் கீபோர்டு வாசிக்கிறான். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் ஒரு பகுதியை நான் நெடுங்காலம் விட்டுவிட்டே சொல்லிவந்தேன். அந்தப் பகுதியைச் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

தங்காக்கில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தேன். ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தேறி, ஜொகூர் பாருவில் மூன்று ஆண்டு பயிற்சி பெற்றேன். படுக்கை விரிக்கவும், காயம் கட்டவும், சாவைப் பார்த்து முகம் மாறாமல் இருக்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். இருபத்தாறு வயதில் பெக்கோக்குக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். ஆறு படுக்கை, ஓர் ஆயா, ஒரு மருந்து அலமாரி. காகிதத்தில் என் வேலைக்கு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. மக்களுக்கு நான் டிரஸர் ஐயா.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவார்கள். அங்கே போகாதவர்கள் என் வாசலில் நிற்பார்கள். உறைந்த ரப்பரான ஒட்டுப்பாலின் வாடையும் டெட்டால் வாடையும் கலந்த காற்று.

"என்னம்மா செய்யுது?"

"எல்லாம் செய்யுதுங்கய்யா."

"எல்லாம்னா?"

"ஒடம்புதாங்க. நேத்து தைப்பிங்லேருந்து எங்கண்ணன் வந்திருக்காரு."

"அண்ணன் எத்தனை நாள் இருப்பாரு?"

"ரெண்டு நாளுங்கய்யா."

ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அந்த அண்ணன், வாத்து முட்டை நாலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரில் நன்றி சொல்ல வந்தார். பிரசவம், மலேரியா, கண்ணில் ரப்பர் பால் தெறித்த பெண்கள், குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், எல்லாரும் என்னிடம்தான் வந்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத் தாண்டி நடக்கும்போது மரியாதைக்காக எழுந்து நிற்பார்கள். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் லிம். சிகாமட்டிலிருந்து வியாழன்தோறும் ஒரு பழைய காரில் வருவார். தமிழை வரிசை வீட்டு ஆட்களிடம் கேட்டுக் கற்றவர் என்பதால் 'நீங்கள்' என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. மேனேஜரின் மனைவிக்கும் 'நீ'தான். கோப்பிக் கடையில் யாரோ அதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது, "எல்லாம் ஒரே ஒடம்புதான் லா" என்றாராம். என் பெயர் ஆசீர்வாதம். அவருக்கு நான் ஆசி.

பெனிசிலின் ஊசி விஷயத்தில் அவர் வைத்திருந்த ஒழுங்கை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முன்பு இந்த ஊசி போட்டதுண்டா, போட்டபின் அரித்ததா, தடித்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றித் தட்டில் வைத்துவிட வேண்டும். முன்கையின் உட்புறத் தோலுக்குள் துளி மருந்து செலுத்தி, பேனாவால் சுற்றி வட்டம் போட்டு, இருபது நிமிடம் பார்க்க வேண்டும். தடிப்பு வட்டத்தைத் தாண்டாவிட்டால்தான் முழு ஊசி. அதற்குப் பிறகும் அரை மணி நேரம் நோயாளி எழுந்து போகக்கூடாது. போட்டவனும் எழுந்து போகக்கூடாது. பதிவேட்டில் 'போட்ட நேரம்', 'விட்ட நேரம்' என்று இரண்டு கட்டங்களை அவரே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். வியாழக்கிழமை வந்ததும் கோப்பி குடிக்குமுன் அந்த இரண்டு கட்டங்களில்தான் விரலை ஓட்டுவார்.

நான் வந்த முதல் மாதம் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு முக்காலியை இழுத்து அந்த ஆளின் எதிரே போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். அரை மணி நேரம் அவர் அசையவில்லை. பிறகு எழுந்து, "இப்ப நீ மிச்சத்தைப் பாரு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த இருபது பேரையும் அன்று நான் ஒருவனாகப் பார்த்து முடித்தேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் அந்த ஒழுங்கு தவறவே இல்லை.

அந்த ஆறாம் ஆண்டில் நான் இன்னொரு வேலையிலும் முன்னேறிக்கொண்டிருந்தேன். பெக்கோக் பட்டணத்தில் எங்களுக்கு ஒரு சிறு ஜெபவீடு இருந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஆராதனை. போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் என் போன்றவர்கள் பிரசங்கம் செய்வோம். என்னை முறையான உள்ளூர்ப் பிரசங்கியாராக நியமிக்கலாமா என்று என் பிரசங்கத்தைக் கேட்டு முடிவு செய்ய, ஜொகூர் பாருவிலிருந்து சபை மூப்பர்கள் இருவர் ஒரு ஞாயிறு வருவதாக இருந்தது. கெத்செமனேயில் இயேசு தம் விருப்பத்தைப் பிதாவிடம் ஒப்புவித்ததைப் பற்றிப் பேச மூன்று வாரம் தயாரித்தேன். என் மனைவி ரூத் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள்.

அன்று நாலேகாலுக்கு, நான் ஆஸ்பத்திரியைப் பூட்டப் போகும் நேரத்தில், ஆறுமுகம் நொண்டிக்கொண்டு வந்தான். பால்வெட்டுத் தொழிலாளி, முப்பத்தாறு வயது. வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் போட்ட இடத்தில் ஆணி குத்தி நாலு நாளாகியிருந்தது. பாதம் வீங்கி, கணுக்காலுக்கு மேல் சிவப்பு ஏறியிருந்தது. காய்ச்சலும் இருந்தது.

"நாலு நாளா என்னய்யா பண்ண?"

"மஞ்சப்பத்து போட்டேங்கய்யா. போயிடும்னு நெனச்சேன்."

"மஞ்சளைக் கொழம்புல போடணும், கால்ல இல்ல. முன்னாடி ஊசி போட்டிருக்கேல்ல?"

அவன் தலையாட்டினான். அது கேள்வி இல்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல், எனக்கு வேண்டிய பதிலை அவன் வாயில் வைத்தேன். ஒழுங்குப்படி போட்டால் ஐம்பது நிமிடம் ஆகும். மாத்திரை கொடுத்து மறுநாள் காலை வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிவப்பு ஏறிய காலை அப்படியே விட எனக்கு மனமில்லை, உட்காரவும் மனமில்லை. தட்டில் அட்ரினலின் வைக்கவில்லை. கையில் வட்டம் போடவில்லை. முழு ஊசியையும் போட்டேன். அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் பெஞ்சில் இருக்கச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

ஆரம்ப ஜெபத்தை நான்தான் ஏறெடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் கண்ணைத் திறந்தபோது வாசலில் தோட்டத்து லாரி டிரைவர் மூச்சிரைக்க நின்று கையசைத்தான். முன் வரிசையில் அந்த இரண்டு மூப்பர்கள். நான் கையை உயர்த்தி, 'பொறு' என்று சைகை காட்டிவிட்டு ஜெபத்தை முடித்தேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. அதை அளக்க எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

நான் போனபோது ஆறுமுகம் இறந்துவிட்டிருந்தான். ஊசி போட்டுப் பத்து நிமிடத்துக்குள் உடம்பெல்லாம் அரிப்பு என்று சொன்னானாம். பிறகு தொண்டை அடைத்தது என்று கழுத்தைப் பிடித்தானாம். ஆயா அலமாரிக் கதவை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள். அவள் விரல் நகம் ஒன்று பெயர்ந்திருந்தது.

மறுநாள் காலை டாக்டர் லிம் வந்தார். அதற்குள் பதிவேட்டை எழுதிவிட்டேன். சோதனை ஊசி மூன்று நாற்பது; போட்ட நேரம் நாலு; விட்ட நேரம் நாலரை.

"சோதனை போட்டியா?"

"போட்டேன், டாக்டர்."

"உக்காந்து பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் விரல் அந்த இரண்டு கட்டங்களின் மேல் நெடுநேரம் நின்றது. ஆயாவைப் பார்த்தார். அவள் கட்டுப் போட்ட விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் அவளிடம் முன்பே பேசிவிட்டிருந்தேன். டாக்டர் பேனாவை எடுத்தார். சோதனை செய்தும் நேர்ந்த மரணம் என்ற பொருளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "நன்றி, மிஸ்டர் ஆசீர்வாதம்" என்றார். அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் அவரோடு வேலை செய்தேன். ஒரு சொல் தமிழில் என்னிடம் பேசவில்லை. ஆசி என்று கூப்பிடவும் இல்லை.

அன்று மாலை ஆறுமுகத்தின் வீட்டுக்குப் போனேன். பாக்கியத்துக்கு அப்போது முப்பது வயதுகூட இராது. எட்டு வயதில் ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை.

"ஏன்யா இப்படி ஆச்சு? கால்ல ஆணிதானே குத்துச்சு?" என்று கேட்டாள்.

"இது ஆண்டவருடைய சித்தம், அம்மா. நம்ம கையில ஒண்ணுமில்ல" என்றேன்.

பல நோயாளிகளிடம் உண்மையாகச் சொன்ன வார்த்தை அது. அன்று அதை ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினேன். அவளோ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த ஆண்டவர் யார் என்று கேட்டு ஜெபவீட்டுக்கு வந்தாள். அடுத்த ஆண்டு பிள்ளைகளோடு ஞானஸ்நானம் பெற்றாள். நான் பிரசங்கியார் ஆனேன். எனக்கும் அவளுக்கும் ஒரே சாட்சிதான். அவள் தெரியாமல் சொன்னாள், நான் தெரிந்தே சொன்னேன்.

தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறி, ஆஸ்பத்திரி மூடப்பட்டு, நான் பட்டணத்துக் கிளினிக்குகளில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். ரூத்துக்குப் புற்றுநோய் வந்தபோது எனக்கு எழுபத்து மூன்று வயது. அவளுடைய படுக்கை ஓரத்தில் முழங்காலிட்டு, உம்முடைய சித்தப்படி ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ரூத்திடம் ஆறுமுகத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்காக ஜெபம் பண்றதை நிறுத்துங்க."

"ரூத்து..."

"மத்தவங்க பண்ணுவாங்க. நீங்க பாக்கியத்துகிட்ட போங்க. அவர் சித்தத்தை நீங்க செய்யவே இல்ல. அவர் பேரை மட்டும் எடுத்துக்கிட்டீங்க."

அவள் உயிரோடு இருக்கும்வரை நான் போகவில்லை. அடக்கம் முடிந்து நாற்பது நாளுக்குப் பிறகுதான் போனேன். இதுவும் என் கணக்கில்தான் சேரும்.

பாக்கியம் இப்போது பெக்கோக்கில் இளைய மகளோடு இருக்கிறாள். நான் போனபோது சமையலறை மேசையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்கய்யா, வயசான காலத்துல இவ்ளோ தூரம்... சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றாள். உட்கார்ந்தவுடன் சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் கை நிற்கவில்லை. கீரையை உருவிக்கொண்டே கேட்டாள்.

"ஊசி போட்டா எவ்ளோ நேரம் பக்கத்துல இருக்கணும்?"

"அரை மணி நேரம்."

"நீங்க எவ்ளோ நேரம் இருந்தீங்க?"

"இருக்கல."

"அலமாரி சாவி?"

"என்கிட்ட இருந்துச்சு."

"அப்ப ஆண்டவர் சித்தம்னு சொன்னீங்களே?"

"நான் சொன்னது, பாக்கியம். அவர் சொல்லல."

இப்போதுதான் கை நின்றது. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஐயா, நான் அவரை எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா? சட்டி கழுவுறப்பல்லாம் திட்டுவேன். ஞானஸ்நானம் வாங்குனப்புறமும் திட்டுனேன். என் புருசனை எடுத்துக்கிட்டு என்னையக் கூப்புடுறியே, இது என்னா ஞாயம்னு. அவரை மன்னிக்க எனக்குப் பன்னெண்டு வருசம் ஆச்சு. பாவம், செய்யாததுக்கு அத்தனையும் வாங்கிக்கிட்டாரு."

நான் அழுதேன். "அழாதீங்க. நீங்க அழுதா நான் தேத்தணும். எனக்கு இப்ப முடியாது" என்றாள்.

அழுகையை அடக்கினேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"ஆண்டவருக்கே பன்னெண்டு வருசம். உங்களுக்கு எவ்ளோ ஆகும்னு தெரியல. எனக்கு எழுவது வயசு, பாத்துக்குங்க." சிரித்தாளா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "சாட்சி சொன்ன எடத்துலல்லாம் போய் இதையும் சொல்லுங்க. பெரியவ செல்விகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

போதகரிடம் சொன்னேன். பிரசங்கியார் பொறுப்பிலிருந்து விலகினேன். முன்பு சாட்சி சொன்ன சபைகளில் இன்னும் மூடாமல் இருப்பவற்றுக்குப் போய் ஒவ்வொன்றாகச் சொல்லிவருகிறேன். இன்னும் நாலு மீதம், எங்கள் சபையும் அதில் ஒன்று. சிலர் கட்டிப்பிடித்தார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் செய்ததும் சரிதான்.

ஜோயலிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது. பிறகு அவனுக்குத் தெரிந்த விதத்தில் எனக்கு ஆறுதல் சொல்லப் பார்த்தான். "அங்கிள், இப்பல்லாம் அந்தத் தோல் சோதனையை நாங்க நம்புறதில்ல. போட்டிருந்தாலும் தெரியாமப் போயிருக்கலாம். அட்ரினலின் போட்டும் சில பேரைக் காப்பாத்த முடியாது." இருக்கலாம். ஆறுமுகம் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. நான் எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

சித்தத்துக்கு ஒப்புக்கொடுப்பது என்றால், நடந்ததையெல்லாம் ஆண்டவர் தலையில் வைத்துவிட்டு நாம் நிம்மதியாக இருப்பது என்றே நாற்பது ஆண்டுகள் பிரசங்கித்தேன். எது அவர் செய்தது, எது நான் செய்தது என்று பிரிக்காமல் ஒப்புக்கொடுக்க முடியாது என்பது பாக்கியத்தின் சமையலறையில்தான் விளங்கியது. இப்போது என் ஜெபம் சிறியது. நீட்டிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் முன்பு எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பதிவேடு திறந்து கிடந்தது. இப்போது அது இல்லை. அவர் அருகில் இருக்கிறார் என்று முதல்முறையாகப் பயத்தோடு உணர்கிறேன்.

செல்விதான் அந்த எட்டு வயதுப் பெண். இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து போய் வருகிறாள்; எங்கள் சபைதான். தொலைபேசியில் சொன்னபோது இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, "எழுதப் போறதா ஜோயல் சொன்னான். எழுதி முதல்ல எனக்கு அனுப்புங்க" என்று வைத்துவிட்டாள். மேலே உள்ளவை அனைத்தையும் எழுதி அவளுக்கு அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்துக் குரல் செய்தி வந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

"அங்கிள், எல்லாம் படிச்சேன். ஒண்ணு விட்டுட்டீங்க. அன்னைக்கு அப்பா தனியா வரல. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தேன். நீங்க மோட்டார் சைக்கிள்ல ஏறுறப்ப என் தலையில கையை வெச்சு, 'அப்பாவைப் பாத்துக்க, ஐயா வந்துடுறேன்'னு சொன்னீங்க. நான் பாத்துக்கல, அதான் அப்பா செத்துட்டாருன்னு ரொம்ப வருசம் நெனச்சிக்கிட்டு இருந்தேன். அம்மாவுக்குக்கூட இது தெரியாது. அதையும் எழுதுங்க."

எத்தனை முறை யோசித்தும் எனக்கு அவள் அங்கே நின்றது நினைவில்லை. அவள் தலையில் கை வைத்ததும் நினைவில்லை. பழியை நான் ஆண்டவர்மேல் மட்டும் சுமத்தவில்லை. அதில் ஒரு பங்கை எட்டு வயதுப் பிள்ளையும் சுமந்திருக்கிறது. அவள் அம்மாவிடம் முதலில் அவளே பேசட்டும் என்று காத்திருந்தேன். பேசிவிட்டதாக நேற்றுச் சொன்னாள். அதன்பிறகே இந்தப் பகுதியைச் சேர்த்தேன்.

அச்சிடலாமா, என்ன பெயரில், எதை வைத்து எதை எடுப்பது என்று எல்லாவற்றையும் அவளையே முடிவு செய்யச் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். நீ எப்படிச் சொன்னாலும் அப்படியே ஆகட்டும் என்று பதில் அனுப்பினேன். ஆண்டவரிடம் இதே வார்த்தையை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். என்ன பதில் வரும் என்று தெரியாமல், எந்தப் பதிலுக்கும் தயாராக, ஒருவரிடம் அதைச் சொன்னது இதுதான் முதல் முறை.